தோட்டத்து மண்ணில் எலும்பு தென்பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்தது பழைய கதை. இப்போது அந்தச் செம்பனைக்கும் வயதாகிவிட்டது. ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மறுநடவு ஒரு பக்கம் நடக்கிறது, மறுநடவு இல்லாத இடத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது. இவ்வளவு மண்ணைக் கிளறினால் எலும்பு வரத்தான் செய்யும். நூறு ஆண்டுக்கு மேலாக நம் ஆட்கள் இந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்கள். பேர் எழுதிய இடுகாட்டில் கொஞ்சம் பேர், ஜப்பான்காரன் காலத்திலும், கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் கிடைத்த இடத்தில் அவசரமாகப் புதைக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். நான் தடயவியல் படித்தவன் என்று தெரிந்ததும் கோயில் கூட்டத்திலும் சாவு வீட்டிலும் ஒட்டுக்கடையிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

மறுநடவு வேலையில் எலும்பு ஒன்று மேலே வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மண்வாரி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே நிற்கட்டும், பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று அந்த இடத்தின் மேலேயே சக்கரத்தை ஓட்ட வேண்டாம். வாளியில் அள்ளிய மண் இருந்தால் அப்படியே விடுங்கள். லோரியில் ஏற்றியிருந்தால் அந்த லோரி கிளம்பக் கூடாது, அதற்கு முன் போன லோரி எங்கே கொட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில்தான் மீதி எலும்பு இருக்கலாம்.

அப்புறம் 999க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். போலீஸ் வரும்வரை எலும்பு கிடக்கும் இடத்தைச் சுற்றி நல்ல தூரம் விட்டுக் கயிறு கட்டி, ஒரே ஒரு பாதையில் மட்டும் ஆட்கள் நடக்கட்டும். எலும்பைத் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவோ அளவுகோலோ வைத்து, கிட்டத்திலிருந்து ஒன்று, தூரத்திலிருந்து மரமோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி ஒன்று எனப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படம் போலீசுக்கு. வாட்சப் குழுவில் போடுவதற்கு இல்லை. அது யாரோ ஒருவருடைய அப்பாவாகவோ மகளாகவோ இருக்கலாம், அவர்கள் இந்தச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

நாமே பக்குவமாக எடுத்து, சாமி கும்பிட்டு, வேறு இடத்தில் அடக்கம் செய்தால் புண்ணியம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதனால்தான் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலும்பு மட்டும் கையில் இருந்தால் அது சொல்வது குறைவு. அது எந்த ஆழத்தில், எந்தத் திசையில், மல்லாந்தா குப்புறவா, கை மடங்கியா நீட்டியா, மேலே எந்த மண், கீழே எந்த மண், பக்கத்தில் ஆணியா பொத்தானா தோட்டாவா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அந்த மனிதர் எப்படி இறந்தார், யார் புதைத்தார்கள், எப்போது புதைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு வழி பிறக்கும். எடுத்து வெள்ளைத்துணியில் கட்டிய அந்த நிமிடமே இத்தனையும் போய்விடுகிறது. எலும்பைத் திரும்பக் குழிக்குள் வைக்கலாம், இருந்தபடி வைக்க யாராலும் முடியாது.

அது கொலையாக இருந்தால் கொன்றவன் தப்பிக்கிறான். கொலையாக இல்லாவிட்டாலும், எங்கேயோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் ஆளை நாம் பேரில்லாமல் மறுபடியும் புதைத்துவிடுகிறோம். சடங்கு கண்டிப்பாகச் செய்யலாம், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சந்தேகமான சாவு என்றால் விசாரிப்பது போலீசின் கடமை, புதைத்த உடலை மரண விசாரணைக்காகத் தோண்டி எடுக்கச் சொல்லும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு.

தடயத் தொல்லியல் என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? கோயில் தோண்டுகிற தொல்லியலா?

அதே கைவேலை, வேறு நோக்கம். பழங்காலக் கோயில்கள் கிடைத்த கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டுபவர் மண்ணை அடுக்கடுக்காகப் படித்துப் பழைய காலத்தைத் தெரிந்துகொள்கிறார். தடயத் தொல்லியலாளர் அதே பொறுமையோடு தோண்டி, கிடைப்பதை நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியமாக மாற்றுகிறார். எடுத்த எலும்பைப் படிப்பவர் தடய மானுடவியலாளர், சாவுக்கான காரணத்தைச் சொல்பவர் தடயவியல் மருத்துவர். மூவரும் சேர்ந்து வேலை செய்தால்தான் காரியம் நடக்கும்.

இது ஏன் தேவை என்பதற்கு அர்ஜென்டினாவைப் பார்த்தால் போதும். 1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி, ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஆட்சி மாறியதும் நீதிபதிகள் புதைகுழிகளைத் திறக்க உத்தரவிட்டார்கள். ஆனால் தோண்டியவர்கள் இடுகாட்டுத் தொழிலாளர்கள், சில இடங்களில் இயந்திரமே இறங்கியது. மண்டையோடுகள் நொறுங்கின, ஓர் ஆளின் எலும்பு இன்னோர் ஆளோடு கலந்தது, தோட்டாக்கள் மண்ணோடு போயின. பிள்ளைகளைத் தேடிய தாய்மார்களும் பாட்டிமார்களும் விடாமல் கேட்டதன் பலனாக 1984இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்க மானுடவியலாளர் வந்தார். தொல்லியல், மானுடவியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக் கரண்டியும் தூரிகையுமாகத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். அந்த மாணவர்கள் கட்டிய அர்ஜென்டினா தடய மானுடவியல் குழு பிற்பாடு பல நாடுகளில் போய் வேலை செய்தது. அவர்கள் சேகரித்த எலும்பும் தோட்டாவும் 1985இல் ராணுவத் தளபதிகள் மீது நடந்த வழக்கில் சாட்சியமாயின.

கிடைத்தது மனித எலும்பா மிருக எலும்பா என்று நாமே பார்த்துச் சொல்ல முடியாதா?

முடிந்தாலும் சொல்ல வேண்டாம், போலீசை வரவிடுங்கள். தோட்டத்து மண்ணில் மிருக எலும்பு நிறைய உண்டு. காட்டுப்பன்றி, குரங்கு, மாடு, வளர்த்த நாய், முனியாண்டி கோயில் பக்கம் கிடா வெட்டின எலும்பு. முழு மண்டையோடு என்றால் யாருக்கும் தெரியும், துண்டாக வந்தால் படித்தவர்களே தடுமாறுவார்கள். கரடியின் பாதம் ஒன்று போதும், தோலும் நகமும் போனபின் மனிதக் கையைப் போலவே இருக்கும், நம் காடுகளில் சூரியக் கரடியும் இருக்கிறது. பத்து முறை அழைத்து ஒன்பது முறை ஆட்டு எலும்பாக இருந்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

பழைய சமாதியா, குற்றமா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதலில் குழியின் வடிவம். முறையாக அடக்கம் செய்தவருக்கு வெட்டிய குழி நீளமாக, ஓரம் நேராக, ஓரளவு ஆழமாக இருக்கும், உடல் நீட்டிப் படுத்திருக்கும். மறைக்க நினைத்தவன் அவசரத்தில் வெட்டுவான், குழி சின்னதாக, ஆழமில்லாமல், உடல் மடங்கியோ குப்புறவோ கிடக்கும். இது பொதுவான போக்குதான், இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. கொள்ளைநோய் நேரத்தில் நல்லவர்களும் அவசரமாகத்தான் புதைத்தார்கள்.

அடுத்தது கூட இருக்கும் பொருள்கள். மரம் மக்கிப் போனாலும் சவப்பெட்டி ஆணிகள் துருப்பிடித்து வரிசையாக அப்படியே நிற்கும், பெட்டி இருந்த இடத்தில் மண் கறுத்திருக்கும். கண்ணாடி வளையல் அழியாது. முஸ்லிம் அடக்கமென்றால் வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையைப் பார்த்திருக்கும். சீனர்களில் சில பிரிவினர் சில ஆண்டு கழித்து எலும்பைத் திரும்ப எடுத்துச் சாடியில் வைப்பார்கள், அதனால் காலிக்குழியும் ஒரு தகவல்தான்.

நம் வழக்கத்தில் நெற்றியில் காசு வைப்பார்கள் இல்லையா, அந்தக் காசு பெரிய சாட்சி. மண்டையோட்டுப் பக்கத்தில் மலாயாவின் சதுர ஒரு காசு கிடைத்து, அதில் 1941 என்று இருந்தால், அந்த அடக்கம் 1941க்கு முன்னால் நடந்திருக்க முடியாது. ஆனால் 1941இல்தான் நடந்தது என்றும் சொல்ல முடியாது, காசு பல ஆண்டு கைமாறியபின் அங்கே வந்திருக்கலாம். 1943 என்று அச்சிட்ட அதே காசு கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அது பிரிட்டிஷ்காரர்கள் அடித்த காசு, அந்த ஆண்டு இங்கே ஆண்டது ஜப்பான். ஆக அந்தக் காசு நம் ஊர்க் கைகளுக்கு வந்தது 1945இல் போர் முடிந்து அவர்கள் திரும்பிய பிறகு. ஒரு காசு ஜப்பான் காலத்துச் சாவா அதற்குப் பிந்தியதா என்ற கேள்வியையே திருப்பிப்போட்டுவிடும். அதனால்தான் கிடைக்கும் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கரிமக் காலக்கணிப்பும் உதவும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ இரு மடங்காக ஏறியது, அந்தக் காலத்துக்குப் பிறகு வாழ்ந்தவரின் உடலில் அதன் தடம் இருக்கும். ஆனால் ஓர் ஆய்வக எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. 2018இல் இலங்கையின் மன்னார் நகரில் சதொச என்ற அரசு விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய இடத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வகம் ஒன்று மாதிரிகளைச் சோதித்து 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பலவற்றால் அதை ஏற்க முடியவில்லை. குழியின் மண்ணடுக்கையும் கூடக் கிடைத்த பொருள்களையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்ற வாதம் எழுந்தது. என் கருத்தும் அதுதான்.

எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாவிட்டால் எப்படித் தேடுவார்கள்? ரேடார் வைத்தால் எலும்பு தெரியுமாமே?

தெரியாது. தரையை ஊடுருவும் ரேடார் காட்டுவது கலைந்த மண்ணை, எலும்பை இல்லை. ஈரமான களிமண்ணில் அதன் அலை சீக்கிரமே அடங்கிவிடும். நம் பக்கம் மழைக்குக் கேட்கவா வேண்டும், எனவே அதிலேயே முழு நம்பிக்கை வைக்க முடியாது.

கண்தான் முதல் கருவி. ஒருமுறை தோண்டி மூடிய மண் பழையபடி ஒருபோதும் இறுகாது. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து நிறம் மாறும், சில காலம் மேடாக நின்று பிறகு அமுங்கும், உடல் மக்கும்போது நடுவில் இன்னொரு பள்ளம் விழும். அதன் மேல் முளைக்கும் செடி சுற்றியுள்ள செடியைவிடச் செழிப்பாகவோ நலிந்தோ தெரியும். பயிற்சி பெற்ற நாய்களும் வாசனையை வைத்து இடம் காட்டும்.

தோட்டத்தில் இதிலும் ஒரு சிக்கல். கன்று நட்ட குழி, கக்கூஸ் குழி, குப்பைக் குழி, வடிகால், படிக்கட்டாக வெட்டிய மேடு என எங்கு பார்த்தாலும் தோண்டித்தான் இருக்கிறது. அங்கே ரேடாரைவிடப் பெரிய உதவி பழைய தண்டலோ (மேற்பார்வையாளர்), ஓய்வுபெற்ற கிராணியோ (எழுத்தர்), லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியோதான். எது கக்கூஸ் குழி, எது லயத்துக் கிணறு, எந்த மேடு எப்போது வெட்டியது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தோண்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

சினிமாவில் காட்டுவதுபோல மண்டையோட்டைத் தூக்கிக் காட்டுவதில்லை. முதலில் இடம் முழுவதும் படம், அளவு, வரைபடம். பிறகு மேல்மண்ணை மெல்லச் சீவி, குழியின் விளிம்பு எங்கே என்று நிற வேறுபாட்டை வைத்துத் தேடுவார்கள். விளிம்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குழிக்குள் போட்ட மண்ணை மட்டும் எடுத்து, குழியின் சுவரை அப்படியே விடுவார்கள், ஏனென்றால் களிமண் சுவரில் மண்வெட்டி பதிந்த தடம் அப்படியே நிற்கலாம், எந்த அகலமுள்ள வெட்டி என்று கூடத் தெரியலாம்.

எலும்பை நெருங்கியதும் இரும்பை வைத்துவிட்டு மூங்கில் குச்சியும் தூரிகையும் எடுப்பார்கள், இரும்பு பட்டால் விழும் புதுக்கீறல் பழைய வெட்டுக்காயத்தோடு குழம்பும். முழுக்கூட்டையும் இருந்த இடத்திலேயே வெளிப்படுத்தி, வடதிசை அம்பும் அளவுகோலும் வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த பிறகுதான் தூக்குவார்கள். தூக்கிய பிறகும் அடியில் இருக்கும் மண் முழுவதையும் சலிக்க வேண்டும். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்பு, அதில் இரண்டு கை, இரண்டு பாதங்களில் மட்டும் 106. பாதிக்கும் மேல்! இந்தச் சின்ன எலும்புகளும் தனியாக விழுந்த பற்களும் தோட்டாத் துண்டும் சல்லடையில்தான் கிடைக்கும். குழந்தை என்றால் இன்னும் கவனம், பச்சிளம் குழந்தையின் எலும்புகள் கூழாங்கல் என்று தூக்கிப்போடும் அளவுக்கு இருக்கும்.

எடுத்ததைக் காகிதப்பையில் வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எப்போது என்ற கையெழுத்து வரிசை அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் நீதிமன்றத்தில் அத்தனை உழைப்பும் கேள்விக்குள்ளாகும்.

பத்து மணிக்கு ஆரம்பித்தால் மதியத்துக்குப் பிறகு மழை. மேலே கூடாரம், சுற்றி வாய்க்கால், குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க மோட்டார், இவை இல்லாமல் இங்கே தோண்ட முடியாது. ஒரே ஆளின் எலும்பை எடுக்கவே நாள்கணக்கில் ஆகும். ஏன் இவ்வளவு நேரம் என்று வெளியே நின்று சத்தம் போடாதீர்கள்.

சில குழியில் எலும்பே இல்லை. உடலை யாரோ எடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் மண்ணே தின்றிருக்கும். நம் செம்மண் புளிப்பு மண், அதில் மழைத்தண்ணீர் ஓயாமல் இறங்கினால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து கரைந்துவிடும். பல் மட்டும் கடைசிவரை நிற்கும், எனாமல்தான் உடம்பிலேயே கடினமான பொருள். சில குழியில் கறுத்த மண்ணில் உடலின் நிழல் மட்டும் தெரியும். கரையான், முள்ளம்பன்றி, உடும்பு, காட்டுப்பன்றி எல்லாம் தங்கள் பங்குக்கு அரிக்கும், கடிக்கும், இழுத்துப்போகும். முள்ளம்பன்றியின் பல்தடம் வரிவரியாக விழும், தெரியாதவர் கத்திக்காயம் என்று நினைத்துவிடுவார்.

இதற்கு நேர் எதிராகப் பாருங்கள். நம் ஊரிலிருந்து கார் எடுத்தால் போய்விடும் தூரத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே குனோங் ருந்தோ குகையில் 1991இல் பேராசிரியர் சுராய்னா மஜித் குழுவினர் எடுத்த பேராக் மனிதன் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழையவர். இடது கையில் அவருக்கிருந்த பிறவிக் குறைபாடுகூடத் தெரியும் அளவுக்கு எலும்பு நிலைத்திருந்தது. சுண்ணாம்புக் குகை, சுற்றிலும் நத்தை ஓடுகள், அந்தச் சுண்ணாம்புதான் காப்பாற்றியது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் 2017இல் கட்டுமான வேலையின்போது கிடைத்த பினாங்குப் பெண்ணையும் கிளிஞ்சல் மேடுதான் காத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டு கடந்து அவர்கள் இருக்கிறார்கள், எழுபது எண்பது ஆண்டுக்கு முன் நம் தோட்டத்தில் அடங்கியவர் இல்லாமல் போகலாம். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

எலும்பைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லிவிடுவார்களா? இந்தியரா, மலாய்க்காரரா?

ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு நன்றாகச் சொல்லும். வயது, இளையவர் என்றால் கிட்டத்தட்டச் சரியாக வரும். காறை எலும்பின் உள்முனை இருபது வயதுகளின் பிற்பகுதியில்தான் முழுதும் ஒட்டும், அதுபோல ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு காலம் உண்டு. நாற்பதைத் தாண்டினால் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பின் ஆகும். தொடை எலும்பை அளந்தால் உயரம் கணிக்கலாம்.

இனம் பற்றித்தான் நம் நாட்டில் முதல் கேள்வியே. எலும்பை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல்லில் வெற்றிலைக் கறை இருந்தால் நம்மவர் என்று முடிவு கட்டுவதும் தப்பு, அந்தக் காலத்தில் மலாய்க்காரப் பாட்டிகளும் வெற்றிலை போட்டவர்கள்தான். இறந்தவர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவரா என்று ஒரு பெரியவர் கேட்டார். வேலை எலும்பில் தடம் விடும் என்பது உண்மை, ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்து இன்ன வேலை என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

பேர் சொல்ல வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். ஆறிய எலும்பு முறிவு, விழுந்த பல், பல் மருத்துவரின் எக்ஸ்ரே, இல்லையென்றால் மரபணு. உட்காதைச் சுற்றியிருக்கும் கெட்டியான எலும்பு, பல், தொடை எலும்பு ஆகியவற்றில் மரபணு அதிக நாள் தங்கும். தாய்வழி மரபணு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்று, அதனால் காணாமல் போன மாமாவைத் தேட அவருடைய அக்கா மகளின் எச்சில் மாதிரி உதவும். அவருடைய சொந்த மகனின் தாய்வழி மரபணு உதவாது, அது அந்த மகனுக்குத் தன் தாயிடமிருந்து வந்தது. மகனுக்கு வேறு வகைச் சோதனை இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

பொருள்களும் பேசும். யாழ்ப்பாணம் செம்மணியில், 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்ட பகுதியிலேயே, 2025இல் சிந்துபாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது மறுபடி எலும்புகள் வந்தன, அந்த ஆண்டிலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளை ஒன்றின் பள்ளிப்பையும் அதில் இருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி அந்த உடைகளையும் பொருள்களையும் ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று.

சயாம் மரண ரயிலுக்குப் போன தாத்தாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்த ஊரில் இதைக் கேட்காத பழைய குடும்பம் குறைவு. நேராகச் சொல்கிறேன், தனி ஒருவராகக் கண்டுபிடிப்பது மிக மிகக் கடினம்.

1942இலும் 43இலும் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் மாண்ட போர்க் கைதிகளின் கல்லறைகளை இன்று காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவின் தன்பியுசயாத் ஆகிய மூன்று இடங்களில் பார்க்கலாம், காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000. அது எப்படி முடிந்தது? கைதிகள் தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தைக் குறித்து வைத்தார்கள், போர் முடிந்ததும் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பாதை நெடுகத் தேடி எடுத்தார்கள். நம் ஆட்களுக்கு அப்படி எழுதிவைக்க யாரும் இல்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் போனவர்கள் முகாமில் காலராவில் விழுந்தபோது மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பேர் இல்லை, குழி எண் இல்லை, எலும்புகள் கலந்துவிட்டன, மண்ணும் மழையும் சேர்ந்துகொண்டன. ரயில் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் நம் தாத்தாவுக்கும் இன்று இருக்கும் வேறுபாட்டை உண்டாக்கியதில் அந்தக் குறிப்பேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தில்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இப்படிப் பெரிய அளவில் தோண்டியிருக்கிறார்களா?

2015 மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையோரம் வாங் கெலியான் காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் இருப்பதாகப் போலீஸ் அறிவித்தது. அங்கே புதைக்கப்பட்டவர்கள் ஆள்கடத்தலில் சிக்கிய ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும் என்று கருதப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. தடயவியல் ஆட்கள் பார்ப்பதற்கு முன்பே முகாம்கள் பிரிக்கப்பட்டது பற்றி 2019இல் அரச விசாரணை ஆணையத்தில் கேள்வி எழுந்தது. குழி மட்டும் சாட்சி இல்லை, பக்கத்தில் நின்ற கூண்டும் அடுப்பும் செருப்பும் சாட்சிதான்.

தோட்டத்து இடுகாட்டையே மேம்பாட்டாளர் எடுக்கப் போகிறார். கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள். சமாதியைத் திறக்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். எல்லா எலும்பையும் ஒன்றாக எடுத்து ஒரே குழியில் போட்டு மேலே ஒரு நினைவுக்கல் வைக்கும் திட்டம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு சமாதியும் தனியாகத் திறக்கப்பட வேண்டும், திறப்பதற்கு முன் எண், படம், வரைபடம். கல்லில்லாத சமாதிகளும் உண்டு, மரக்கட்டை மக்கிப்போயிருக்கும், அடையாளத்துக்கு நட்ட செடி மட்டும் நிற்கும். அவற்றைத் தேட மேல்மண்ணைச் சீவிப் பார்க்க ஆள் வேண்டும், அந்தச் செலவு மேம்பாட்டாளருடையது. இயந்திரம் மேல்மண்ணுக்கு மட்டும், அதற்குக் கீழே கைதான். எடுத்தவரை மின்சுடலைக்குக் கொண்டுபோவதா, மறுபடி அடக்கம் செய்வதா என்பதைக் குடும்பம் முடிவு செய்ய வேண்டும். எரித்துவிட்டால் பிற்பாடு மரபணு பார்க்க வழியிருக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல், கல்வெட்டு என்றால் தேசிய மரபுடைமைத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள், 2005ஆம் ஆண்டின் மரபுடைமைச் சட்டம் இருப்பது அதற்குத்தான்.

பூசாரியை வைத்துச் சடங்கு செய்ய விடுவார்களா?

கேளுங்கள், முன்கூட்டியே கேளுங்கள். தோண்டுவதற்கு முன் வெளியே நின்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினால் எந்தச் சாட்சியமும் கெடாது. குழிக்குள் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றுவது மட்டும் வேண்டாம், அது மண்ணையும் எலும்பையும் பாதிக்கும். சவப்பரிசோதனை முடிந்து உடல் கைக்கு வந்தபிறகு உங்கள் வழக்கப்படி எல்லாம் செய்யலாம்.

என் பாட்டிக்குத் தொண்ணூறு வயது. அவரிடம் இப்போது என்ன கேட்டு வைக்கலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காணாமல் போன அல்லது அடையாளமில்லாமல் புதைக்கப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் கேளுங்கள். பேர், கூப்பிடும் பேர், அப்பா பேர், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தத் தண்டலின் கீழ் வேலை. எத்தனை வயதில், எந்த வருடம், வருடம் நினைவில்லாவிட்டால் யார் கல்யாணத்துக்கு முன், எந்தத் தீபாவளிக்குப் பின். வாசல்படியில் நின்றால் தலை எதுவரை வரும். எந்தக் கை உடைந்து கட்டுப்போட்டார்கள், நொண்டினாரா, முன்பல் இருந்ததா, பல் கட்டியிருந்தாரா. கடைசியாக என்ன உடுத்தியிருந்தார், இடுப்பில் வெள்ளி அரைஞாண் உண்டா, காதில் கடுக்கன் உண்டா. புதைத்திருந்தால் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், கோயிலுக்கு எந்தப் பக்கம், தலைமாட்டில் என்ன நட்டார்கள். அவர் நடக்க முடிந்தால் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு, கோயில் கணக்குப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் எடுத்த குழுப்படம் எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். சிரித்த முகத்தோடு பல் தெரியும் படம் இருந்தால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள். பாட்டி பேசுவதை அவர் சம்மதத்தோடு பதிவு செய்யும்போது தொடக்கத்திலேயே தேதியையும் பேசுபவர் பேரையும் சொல்லிவிடுங்கள், ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். அவர் சோர்ந்துவிட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் தொடருங்கள், வயதானவர்கள் பலருக்கு ஞாபகம் காலையில்தான் தெளிவாக வரும்.